‘ரெஸ்பான்சிவ் ஆர்க்கிடெக்சர்’: ‘இடவியைபு’ சரிவருமா?

அன்புடையீர், வணக்கம்.

ஊரின் வெயில், காற்று, மக்கள் புழக்கம் பார்த்துக் கட்டும் ‘ரெஸ்பான்சிவ் ஆர்க்கிடெக்சரை’ ‘வட்டாரக் கட்டடக்கலை’ என்றே எழுதிவருகிறோம். அது ‘வெர்னாகுலர்’ என்னும் ஊர் மரபுக் கட்டடக்கலைக்கு வழங்கும் சொல். மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட கூரை), தேக்குத் தூண் எல்லாம் அதற்குள் வரும். அதே தூண்களை நட்டுப் படுக்கையறைச் சன்னலை மேற்கே வைத்தால், பார்க்க வட்டாரம், சாயங்காலம் அடுப்பு. ‘தட்பவெப்பம்சார் கட்டடக்கலை’ என்று மாற்றலாமா?

மறுமொழி

> தட்பவெப்பம்சார்

பாதிதான் ஐயா. சென்னையில் கடலோரப் பெசன்ட் நகருக்கும் உள்ளே தள்ளிய அம்பத்தூருக்கும் வெயில் ஒன்றுதான், உப்புக்காற்று வேறு. கடலோரக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் தரநிலை கேட்பது எம்30 என்ற வலிமைத் தரக் கலவை, கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட் (கவர்). சன்னலுக்கு மேல் நீட்டும் நம் சன்ஷேடோ 3 அங்குலக் கனம், அதாவது 75 மி.மீ. மேலும் கீழும் 45 விட்டால் கம்பிக்கு இடமே இல்லை. போதாததற்கு, மேலே இருக்கவேண்டிய கம்பியைக் கொத்தனார் மிதித்துக் கீழே இறக்கிவிடுவார். துரு ஏறிக் கம்பி பருத்து, சில ஆண்டில் பூச்சோடு பெயர்ந்து விழும். கடற்கரைத் தெருவில் கனத்தைக் கூட்டவேண்டும், அல்லது கான்கிரீட் சன்ஷேடையே விடவேண்டும்.

வெயில் கணக்கிலும் பாடப்புத்தகம் இங்கே உதவாது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். ‘வடக்குச் சன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம்’ என்பது மே மாதத்தில் பொய்த்துவிடும். தெற்கே 4 அடி உயரச் சன்னலுக்கு 2 அடி சன்ஷேடு நீட்டினால், டிசம்பர் நண்பகலிலும் மேலிருந்து 2 அடி 8 அங்குலம் நிழல் விழும், போதும். மேற்கே மாலை நாலு மணி வெயிலை அதே சன்னலில் முழுக்க மறைக்க ஆறடிக்கு மேல் நீட்டவேண்டும். யார் கட்டுவார்? வெளிப்புறம் தட்டி தொங்கவிடுங்கள். சன்னலுக்கு உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது.

கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். எதிர்ச்சுவரில் போக வழி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய சன்னலும் வீண்.

மறுமொழி

மக்களை விட்டுவிட்டீர்களே! மீனவர் குடியிருப்பில் வலை பழுதுபார்க்க வீட்டுமுன் இடம் வேண்டும். அவர்களை மாடியில் குடியேற்றினால் வலை படிக்கட்டுக்கு வரும், சண்டையும் கூடவே வரும். ‘திணைக் கட்டடக்கலை’ என்றால் நிலம், பொழுது, மக்கள் மூன்றும் அடங்குமே?

மறுமொழி

அம்மா, கருத்தரங்கில் கைதட்டல் வாங்கும், டெண்டரில் நிற்காது. ஏரி தூர்ந்த களிமண் மனையை எந்தத் திணையில் சேர்ப்பது?

என் பரிந்துரை ‘இடவியைபு’, அதாவது இடத்தோடு பொருந்துதல். ‘இடம்’ என்பதில் உப்பும் வலையும் மண்ணும் வந்துவிடும். இடவியைபுக் கட்டடக்கலை, இடவியைபுச் சோதனை, இடவியைபற்ற வடிவமைப்பு எனக் கிளைகளும் எளிது. ‘இடமியைபு’ என்று எழுதுவோரும் இருப்பார்கள். மகரம் கெட்டு வகர உடம்படுமெய் பெறுவதே தொகைக்கு முறை. யாப்பில் இயைபுத்தொடை உண்டே என்பார்கள், சைட்டில் அந்தக் குழப்பம் வராது.

சென்சார் வைத்து வெயிலுக்கேற்பத் தானே திரும்பும் பட்டைகள் கொண்ட முகப்பையும் ஆங்கிலத்தில் இதே ‘ரெஸ்பான்சிவ்’ என்கிறார்கள். அது வேறு பொருள், ‘மாறுமுகப்பு’ எனத் தனியே பதிவோம்.