கழற்றிப் பூட்டும் பாசறைக்குப் போட்டியும் பரிசும் வேண்டுமா?

உப்புவெளிவாசி (கேள்வி)

வரும் ஓகஸ்ட் விடுமுறையில், நிலாவெளிப் பக்கமுள்ள நண்பர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில், சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு இரவும் மூன்று பகலுமாக ஒரு பாசறை நடத்த நாங்கள் நால்வர் எண்ணியுள்ளோம். ஐரோப்பாவில் ஹேக்கர்கள் வயல்வெளியில் கூடாரமடித்து, மின்சாரமும் இணையமும் இழுத்து, நாட்கணக்கில் எதையாவது செய்து விளையாடும் கூடல்களைப் பற்றி வாசித்ததிலிருந்து பிறந்த ஆசை இது. முதலில் ‘முகாம்’ என்றே எழுதினோம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் இடம்பெயர்ந்தோர் முகாமும் இராணுவ முகாமும் தவிர வேறெதுவும் பெற்றோர் நினைவுக்கு வருவதில்லை என்பது முதற் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டதால், சாரணர்களிடமிருந்து ‘பாசறை’யைக் கடன் வாங்கினோம். ‘ஹேக்கர்’ என்பதை அடியோடு எடுத்துவிட்டோம். அடுத்தவரின் வங்கிக் கணக்கில் கைவைப்பவன் என்பதுதான் அதற்கு இங்கே பொருள்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் பெரிய சிக்கல் மிச்சமிருக்கிறது. உணவுச் செலவை ஏற்பதாகச் சொன்ன அன்பர் ஒருவர், திருகோணமலையின் ஏதாவதொரு பிரச்சினைக்குப் பிள்ளைகள் தீர்வு கண்டுபிடிக்க வேண்டும், முதல் மூவருக்குப் பரிசும் எல்லோருக்கும் சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்கிறார். பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள்.

எனக்கோ அது உவப்பாக இல்லை. சென்ற மாதம் என் மருமகன், பழுதான கைப்பேசியிலிருந்து அதிர்வு மோட்டாரைக் கழற்றி, பல் துலக்கும் தூரிகையின் தலையை வெட்டி அதன் முதுகில் ஒட்டி, கைக்கடிகாரப் பற்றறி ஒன்றை இணைத்தான். அது வண்டுபோல மேசை முழுவதும் ஓடியது. சிரித்து முடித்த பிறகு, அதை இடப்பக்கம் திருப்ப முடியுமா என்று பார்ப்பதில் மூன்று மணிநேரத்தைச் செலவழித்தான். தூரிகையின் மயிர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அதைப் பொறுத்தே ஓட்டம் அமைகிறது என்பதைக் கடைசியில் தானே கண்டுகொண்டான். இதற்கு நான் எந்தப் பரிசைக் கொடுப்பது? அதைவிட, இதனால் என்ன பயன் என்று அவனுடைய தகப்பனார் கேட்டபோது நான் ஏன் வாயடைத்து நின்றேன்? பாசறையில் போட்டியை வைப்பதா விடுவதா என்பதையும், மேசையில் எவற்றைப் பரப்பி வைப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உவர்மலையான்

உவர்மலையில் பிறந்து, இருபது ஆண்டுகளாகப் பெர்லினில் இருப்பவன் நான். நீங்கள் வாசித்தது பெரும்பாலும் ஜெர்மன் ஹேக்கர்களின் அமைப்பான கேயாஸ் கணினிக் கழகம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் கூடலைப் பற்றியதாக இருக்கும். 1999 இல் பெர்லினுக்கு அருகே அல்ட்லாண்ட்ஸ்பெர்க்கில் தொடங்கிய அது, 2015 முதல் மில்டன்பெர்க்கிலுள்ள பழைய செங்கற்சூளை வளாகத்தில் நடக்கிறது. நெதர்லாந்தில் இதற்கும் முன்பே, 1993 இலேயே, கூடாரங்களுக்கிடையே கணினி வலையமைப்பு இழுத்து இப்படிக் கூடியிருக்கிறார்கள்.

நான் 2023 இல் போனேன். முதலில் கண்ணில் பட்டது, கட்டட வேலை நடக்கும் இடங்களில் வைப்பார்களே, அந்தப் பிளாஸ்ரிக் கழிப்பறைக் கூண்டுகள்தான். அவற்றுள் சிலவற்றுக்குள் கழிப்பறை இல்லை. கூடாரங்களுக்கு இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் கருவிகளை மழைக்கு ஒதுக்கி உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ‘தரவுக் கழிப்பறை’ என்று பொருள்படும் பெயரே அதற்கு வழங்குகிறது. பாதுகாப்பான இரும்புப் பெட்டியை வாங்க அவர்களுக்கு வசதி இல்லாமலில்லை, ஆனால் இது சிரிப்பு மூட்டுகிறது, வேலையும் செய்கிறது.

அங்கே வீட்டிலிருந்து கொண்டுபோகும் பழைய கம்பியில்லாத் தொலைபேசிக்கு நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிந்துகொள்ளலாம். வளாகத்துக்குள் யாரும் யாரையும் அழைக்கலாம். எங்கள் கூடாரத்துக்கு அடுத்த கூடாரத்திலிருந்த முதியவர் ஒருவர், எண்தட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசியை அந்த வலையமைப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஐந்தைச் சுழற்றினால் மின்சுற்று ஐந்து முறை அறுந்து இணையும், பூச்சியத்துக்குப் பத்து முறை. அந்த அறுதல்களை எண்ணும் சிறு நிரலை எழுதிவிட்டார். ஆனால் மணி மட்டும் அடிக்கவில்லை. அந்த மணிக்கு நொடிக்கு ஏறத்தாழ 25 முறை முன்னும் பின்னுமாகப் பாயும், போதிய வோல்ற்றளவுள்ள மின்னோட்டம் தேவை. நானும் குந்தினேன், ஒரு பள்ளிச் சிறுமியும் வந்து குந்தினாள். அன்று கேட்கவிருந்த மூன்று விரிவுரைகளையும் தவறவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அந்த மணி அடித்தபோது சுற்றியிருந்த ஏழெட்டுக் கூடாரங்களிலிருந்து கைதட்டல் கேட்டது. அழைத்தவர் யாரென்றால், ஏதோ ஓர் எண்ணைத் தவறாகச் சுழற்றியவர்.

போட்டி வைக்க வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்: பரிசு ஒன்று இருந்திருந்தால் அந்த முதியவர் தன் இடுக்கியை என்னிடம் தந்திருக்க மாட்டார், நானும் அவருடைய மணிக்காக என் மாலையைத் தந்திருக்க மாட்டேன். ‘ஹேக்’ என்ற சொல்லையே இந்தப் பொருளில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் 1946 இல் தொடங்கப்பட்ட மாதிரி ரயில் கழகத்து மாணவர்கள். ஊர்ப் பிரச்சினை எதையும் தீர்க்க அவர்கள் கூடவில்லை, பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஆளிகளோடும் கம்பிகளோடும்தான் மல்லுக்கட்டினார்கள்.

பற்றாசு

நகரில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வானொலியும் தொலைக்காட்சியும் திருத்துகிறேன். பெர்லின் தம்பி எழுதியதை வாசித்தபோது ஜெர்மனியோடு எனக்கிருந்த தொடர்பு நினைவுக்கு வந்தது. 1980களில் டொய்ச்ச வெல்ல வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் எங்கள் மாவட்டத்தில் இயங்கத் தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். அதன் மத்திய அலை ஒலிபரப்பியின் வலு 400 கிலோவாற்று. காகிதக் குழாயில் செப்புக் கம்பியை எண்பது சுற்றுச் சுற்றி, ஜேர்மானியம் டயோட் ஒன்றும் காதுக்குமிழ் ஒன்றும் சேர்த்து, கிணற்றடிக் குழாயில் நில இணைப்பும் தென்னையில் வான்கம்பியும் கட்டினால், பற்றறியே இல்லாமல் அது பேசியது. அலையிலிருந்து வரும் மின்சாரமே காதுக்குமிழை அதிரவைக்கப் போதுமானதாக இருந்தது. வீட்டில் நல்ல வானொலிப் பெட்டி இருக்கும்போது, விளங்காத மொழியில் யாரோ பேசுவதைக் கேட்க இந்தப் பாடு எதற்கு என்று அம்மா கேட்டார். எதற்கு என்று எனக்கும் தெரியாது. அன்றிரவு நான் தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பிறகு வந்த காலத்தில் எங்கள் சனம் கழற்றிப் பூட்டியதெல்லாம் தேவைக்காகத்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி போகத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டார்கள். அதைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. நான் பேசமாட்டேன், வேறு வழியில்லாமல் செய்ததை விளையாட்டு என்று சொல்லக் கூடாது. ஆயினும் அங்கிருந்து வந்த என் மைத்துனர் சொன்ன ஒன்றையும் மறைக்கக் கூடாது: பெரியவர்கள் செய்திக்காக மிதித்தார்கள், சிறுவர்களோ மிதிக்கும் வேகத்துக்கேற்ப அறிவிப்பாளரின் குரல் தேய்வதையும் பெருப்பதையும் கேட்பதற்காகவே மிதித்தார்களாம்.

மேசைக்கு வருவோம். புதுப் பொருட்களை வாங்காதீர்கள். தவணைக்கு வாங்கிய கைப்பேசியைத் திறந்து பார் என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள், ஆகையால் உடைத்துவிடுவோமோ என்ற பயம் எங்கள் பிள்ளைகளின் விரல் நுனியிலேயே இருக்கிறது. ஏற்கெனவே உடைந்ததைக் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும். பழைய அச்சுப்பொறி ஒன்றைக் கழற்றினால் இரண்டு மூன்று மோட்டார், பற்சக்கரம், உருக்குத் தண்டு எல்லாம் கிடைக்கும். என் கடையின் பின்கட்டில் கிடப்பதை ஒரு முச்சக்கரவண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போங்கள்.

மூன்றை மட்டும் நான் தரமாட்டேன்: மைக்ரோவேவ் அடுப்பு, குழாய்த் தொலைக்காட்சி, வீங்கிய லித்தியம் பற்றறி. அடுப்பினுள் மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவி 2000 வோல்ற்றுக்கு மேல் ஏற்றப்பட்டு, செருகியைக் கழற்றிய பின்னும் ஆளைக் கொல்லக்கூடியது. சாதாரண கணினி மின்வழங்கியில்கூட எங்கள் 230 வோல்ற்று, நேரோட்டமாக மாற்றப்பட்டதும் 325 வரை போய் நிற்கும். அவற்றில் தேங்கிய மின்னை நானே முதலில் இறக்கிவிட்டுத் தருகிறேன்.

பௌதிக ஆசிரியை

பதினாறு ஆண்டுகளாக உயர்தரப் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். போட்டி வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன், ஆனால் ‘விட்டுவிட்டால் தாமாக விளையாடுவார்கள்’ என்ற எண்ணத்தோடு உடன்பட முடியவில்லை. கலப்புப் பாடசாலைகளோடு சேர்ந்து நடத்திய செயலமர்வுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது, கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் கோல் ஐந்து நிமிடத்துக்குள் ஆண்பிள்ளைகளின் கைக்குப் போவதையும், என் மாணவிகள் அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதையும்தான். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை; கேட்டால், அவர்களுக்குத்தான் இது நன்றாகத் தெரியும் ரீச்சர் என்பார்கள். சத்தமாக இருப்பவனுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தை எல்லோருக்கும் கிடைத்த சுதந்திரமாக எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே முதல் அரை நாளுக்காவது ஒழுங்கு தேவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மற்றவர் வாங்கிக்கொள்ள முடியாத சிறு பொருள் ஒன்றைக் கொடுங்கள். மூன்று வோல்ற்று நாணயப் பற்றறியின் இரு பக்கமும் எல்.ஈ.டி. ஒன்றின் கால்களைக் கவ்வவைத்து ஒட்டினால் விளக்கு எரியும். சிவப்புக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ற்றும் நீலத்துக்கு மூன்றும் வேண்டியிருப்பதால், பற்றறி களைக்கும்போது நீலம் முதலில் மங்கும். ஏன் என்று ஒருத்தியாவது கேட்பாள். குறிப்பேடுகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

அன்பர் கேட்கும் ஊர்ப் பிரச்சினையைப் பற்றி ஒன்று. கன்னியாயின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் வெப்பநிலை ஒன்றாக இருப்பதில்லை என்பது இவ்வூர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் குளித்துத் தெரிந்த விடயம். நீரில் அமிழ்த்தக்கூடிய வெப்ப உணரி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், ஆனால் கன்னியாவைப் பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டாம். யாராவது கேட்டால் வாகனத்தை ஒழுங்கு செய்யுங்கள், கேட்காவிட்டால் உணரி பெட்டியிலேயே கிடக்கட்டும். நான் சொல்லிச் செய்தால் அது வழமையான செய்முறைப் பாடம்தான்.

உப்புவெளிவாசி

மூவருக்கும் நன்றி. அன்பருக்கு மறுப்பு எழுதிவிட்டேன். ஆதலால் மூன்று நாளும் சோறும் பருப்பும் சம்பலும், கடல் மனம் வைத்தால் மீனும். பரிசு இல்லை. கடைசி மாலை, செய்து முடித்ததையும் முடியாததையும் எரிந்துபோனதையும் பாயில் பரப்பி வைத்துப் பெற்றோருக்குக் காட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஆசிரியை சொன்னதை ஏற்று, முதல் மதியம்வரை பற்றவைக்கும் கோலை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. கச்சான் காற்று அந்த நாட்களில் ஓயாமல் வீசும் என்பதால் மூங்கிலும் நூலும் காகிதமும் ஒரு மூலையில் வைக்கிறோம். விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நார்) கட்டிய பட்டம் கூவுவதைக் கேட்ட பிள்ளைகள், அந்த ஓசையை வைத்து என்ன செய்வார்கள் என்று பார்க்கும் ஆவல் எனக்கிருக்கிறது.

பற்றாசு ஐயா, உங்கள் பின்கட்டில் எண்தட்டுச் சுழற்றும் தொலைபேசி ஏதும் கிடக்கிறதா?

பற்றாசு

இரண்டு கிடக்கின்றன. ஒன்று முழுமையாக வேலை செய்கிறது. மற்றதன் மணி அடிப்பதில்லை, உப்புக்காற்றில் எங்கேயோ கம்பி அரித்துப்போயிருக்க வேண்டும். எதைக் கொடுத்து அனுப்ப?

உப்புவெளிவாசி

மணி அடிக்காததைத் தாருங்கள் ஐயா. சனிக்கிழமை காலை முச்சக்கரவண்டியோடு வருகிறேன்.