பிராவியோ தெல்லே போத்தி: பீப்பாய் ஏன் சுவர்ப் பக்கம் ஓடுகிறது?

கேள்வி:
இத்தாலியின் மோந்தேபுல்ச்சானோவில் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு நடக்கும் பிராவியோ தெல்லே போத்தி என்ற பீப்பாய்ப் பந்தயத்தின் காணொளிகளில் ஒரு விஷயம் புரியவில்லை. அணிக்கு இருவர், சுமார் 80 கிலோ பீப்பாய், ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேடேறும் கல்தெரு. இருவரும் ஒரே மாதிரிதான் தள்ளுகிறார்கள். ஆனாலும் பீப்பாய் சட்டென்று திரும்பிச் சுவரில் முட்டுகிறதே, ஏன்? கையை எங்கே வைக்க வேண்டும்?

பதில் 1:
வடிவம்தான் காரணம். பீப்பாயின் நடுவயிறு பருத்திருப்பதால் தரையில் படுவது அந்த இடம் மட்டுமே. இடப்பக்கத்தவர் ஒரு தள்ளு கூடுதலாகக் கொடுத்தாலே வலப்பக்கம் திரும்பிவிடும். தெருக்கல் சற்றுத் துருத்தியிருந்தாலும் அதே கதிதான். ஆனால் வளைவில் திரும்ப உதவுவதும் இந்த வயிறுதான்: உள்பக்கத்தவர் கையைத் தளர்த்த, வெளிப்பக்கத்தவர் தள்ள வேண்டும். நேரான உருளையாக இருந்தால் இழுத்துத்தான் திருப்ப முடியும். சுவரை ஒட்டி ஓடுபவர் விரல்களை ஓரத்துக்கு வெளியே நீட்டவே கூடாது, நசுங்கிவிடும்.

பதில் 2:
கை உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். 10 சதவீத ஏற்றத்தில் 80 கிலோ பீப்பாய் பின்னால் உருளாமல் இருக்க, மைய உயரத்தில் சுமார் 8 கிலோ விசை தேவை. உச்சியில் தள்ளினால் 4 கிலோ போதும். ஆனால் உச்சிப்பரப்பு, பீப்பாயைப் போல இரு மடங்கு வேகத்தில் முன்னே ஓடும். அதனால்தான் கைகளை மாற்றி மாற்றி, குறுகிய வீச்சில் தள்ளுகிறார்கள். பின்புறம் தாழ்வாகப் பிடித்தால், அங்கே பரப்பு மேல்நோக்கி வருவதால் உள்ளங்கை பிரேக் போல உரசும், தோலும் உரியும்.

பதில் 3:
இடம் பிடிப்பதையும் கவனியுங்கள். மார்சோக்கோ தூணில் தொடங்கி பியாட்சா கிராந்தே சதுக்கத்தில் பேராலயத்தின் முன் முடிகிற ஓட்டம் இது. எட்டு கொன்த்ராதாக்களின் (நகரப் பகுதிகளின்) எட்டு பீப்பாய்களுக்கும் தெரு குறுகல். முந்துவது கடினம் என்பதால், புறப்படும் வரிசையில் முன்னிடம் பெரிய லாபம். 14ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயமாக இருந்தது, 1974இல்தான் பீப்பாய்க்கு மாறியது. பரிசு, ஓவியம் தீட்டிய துணி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பயிற்சிக்கு 225 லிட்டர் ஒயின் பீப்பாய் சரிவருமா?

பதில் 2:
அது சுமார் 50 கிலோதான் இருக்கும், கைப்பழக்கத்துக்குப் போதும். எடை கூட்டப் பாதித் தண்ணீர் நிரப்பாதீர்கள். தண்ணீர் பக்கவாட்டில் அலைந்து கோணலை இன்னும் மோசமாக்கும். காலியாகக் காய்ந்தால் பலகைகள் சுருங்கி இரும்புப் பட்டைகள் தளரும். உருட்டுவதற்கு முன் பட்டைகளைச் சுற்றிலும் வயிற்றுப் பக்கமாகத் தட்டி இறுக்குங்கள்.