சின்ன வாயில் ரெண்டு கம்பி: ஷோ போனிக்கு டபுள் பிரைடல் பழக்கிய அனுபவங்கள்

லாயத்துக்காரன், சுங்கை சிப்புட்

வணக்கம். மலேசியாவுல, சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டின ஒரு சின்ன லாயத்துல வேலை பாக்குறேன். அப்பா ஈப்போ குதிரைப் பந்தயத் திடல்ல சைஸா, அதாவது குதிரையைப் பராமரிக்கிறவரா, இருந்தவர். பந்தயக் குதிரைக்கு ஸ்னாஃபில்ங்கிற நெம்புகோல் இல்லாத சாதா வாய்க்கம்பி ஒன்னே போதும், அதனால டபுள் பிரைடல்ங்கிற ரெட்டைக் கம்பிக் கடிவாளம் எங்க வீட்டுக்கே புதுசு. முதலாளி ஆஸ்திரேலியாவிலிருந்து 138 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு போனி, அதாவது குட்டை இனக் குதிரை, இறக்கினார். ஓட்டுறது அவர் மக. "பெரிய ஷோ கிளாஸ்ல டபுள், இல்லன்னா பெல்ஹாம் போட்டுத்தான் வருவாங்க. பழக்கிடு தம்பி"ன்னுட்டார். பெல்ஹாம்னா ஒரே கம்பியில ரெண்டு ஜோடி வார் மாட்டுறது.

தெரியாதவங்களுக்கு: டபுள்னா வாய்க்குள்ள ரெண்டு கம்பி, கையில நாலு வார். மேல இருக்கிறது பிராடூன், மெல்லிசான ஸ்னாஃபில்தான், கடைவாயில வேலை செய்யும். கீழ இருக்கிறது கர்ப், வெய்மவுத்னு சொல்வாங்க. அது நெம்புகோல். வாரைப் பிடிச்சதும் கம்பியோட ரெண்டு பக்கமும் கீழ நீளுற கீழ்க்கை பின்னால சாயும், தாடைக்கு அடியில இருக்கிற பள்ளத்துல செயின் இறுகும், காதுக்குப் பின்னால உச்சியிலும் அழுத்தம் ஏறும். கை கொஞ்சமா இழுத்தாலும் வாய்க்கு அது பெருசாப் போய்ச் சேரும்.

ஸ்னாஃபில்ல மூனு நடையும் சீரா, கை மேல தொங்காம வர்ற குதிரைக்குத்தான் இது. எங்க போனி அந்த அளவுக்கு வந்திருந்துச்சு. முதல்ல டாக்டரைக் கூப்பிட்டுப் பல்லைப் பாக்கச் சொன்னோம். கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி முளைக்கிற குட்டிப் பல் கம்பியில இடிச்சா நம்ம பாடெல்லாம் வீண்.

அளவுதான் பெரிய தலைவலி. தடிச்ச கம்பின்னா வாய்க்கு மெதுவா இருக்கும்னு பலர் சொல்றாங்க. போனி வாய்க்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. நாக்கு சதைப்பிடிப்பா இருக்கும், மேலண்ணம் தாழ்வா இருக்கும், தடியா ரெண்டு போட்டா வாயை மூடவே இடம் இருக்காது. டிரெஸ்ஸாஜ்ங்கிற குதிரை நடைப் பயிற்சிப் போட்டிக்கு எஃப்.இ.ஐ. (உலகக் குதிரையேற்றச் சம்மேளனம்) வச்சிருக்கிற குறைஞ்சபட்சம் பிராடூனுக்கு 10 மில்லிமீட்டர், கர்புக்கு 12. நாங்க அதை ஒட்டியே எடுத்தோம். நாக்குக்குக் கொஞ்சம் இடம் விடுற தாழ்ந்த வளைவு கர்ப்ல, பிராடூன் அதைவிட அரை சென்டிமீட்டர் போல அகலம் கூட.

செயினை வலப்பக்கக் கொக்கியில மாட்டி, வளையமெல்லாம் தட்டையாப் படியிற வரைக்கும் கடிகாரச் சுத்தா முறுக்கி, இடப்பக்கம் மாட்டணும். வாரைப் பிடிச்சா கர்பின் கீழ்க்கை 45 டிகிரிக்கு வரும்போது செயின் தாடையைத் தொடணும். ஆரம்பத்துல இன்னும் தளர்வாவே விட்டோம்.

முதல்ல லாயத்துக்குள்ள வார் இல்லாம சும்மா மாட்டி, மென்னு பாக்க விட்டேன். நாக்கைப் பின்னுக்கு இழுத்துச்சு, தலையை உதறுச்சு. அப்படி உதறின நாள்ல கழட்டிட்டு ஸ்னாஃபிலுக்கே திரும்பிடுவோம், வாதாடுறதில்ல. அப்புறம் செம்பனை வரிசைக்கு நடுவுல கையில பிடிச்சு நடை. அதுக்குப் பிறகுதான் பொண்ணு ஏறினா, பிராடூன் வார் மட்டும் போட்டு, நேர் கோட்டுல. வட்டமும் திருப்பமும் பிறகு. எல்லாம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே, ஏன்னா இந்த ஊர் புழுக்கத்துல குதிரை சோர்ந்துட்டா வாயில என்ன கோளாறுன்னே தெரியாது. கர்ப் வாரைப் போட்ட பிறகும் அப்பா வேலியோரம் நின்னு கத்துவார்: "அது துணிக்கொடி மாதிரி தொங்கணும்டா, விறைக்கக் கூடாது!" பொண்ணோட கை பழகுறதுக்கு வராந்தா கம்பியில நாலு வாரையும் கட்டி உக்கார வச்சோம். போனியைவிட அவளுக்குத்தான் நாள் அதிகமாச்சு.

ரைடிங் டீச்சர், ஜொகூர்

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஒன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். பிள்ளைக்கு முதல்ல பெல்ஹாம் குடுத்திருக்கலாம். ஒரே கம்பி, ரெண்டு ஜோடி வார். போனி வாயில இடப் பிரச்சினை இல்ல, பிள்ளை கையும் பழகிடும். ரெண்டு வேலையும் ஒரே கம்பியிலங்கிறதால சொல்றது கலங்கலாத்தான் போய்ச் சேரும், நிஜம்தான். ஆனா சின்ன வாய்க்கு அதுவே நிம்மதி.

இன்னொன்னு, எந்தப் போட்டின்னு பாத்துட்டு வாங்குங்க. எஃப்.இ.ஐ. போனி டிரெஸ்ஸாஜுக்கு ஸ்னாஃபில் மட்டும்தான், டபுள் கூடாது. பிரிட்டன் ஷோவிலும் லீட் ரெய்ன், ஃபர்ஸ்ட் ரிடன் வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்னாஃபில்தான். ரெண்டு வகைப் போட்டிக்கும் போறவங்க ஸ்னாஃபில் வேலையை விட்டுடாதீங்க.

பழைய ஸ்டேபிள் பாய்

நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல, ஓடுற போனியை நிறுத்த டபுள் போட்டாங்க. பிரேக்னு நெனச்சு. அது முன்னங்காலைத் தூக்கி நிக்கப் பழகிருச்சு. ஸ்னாஃபில்ல நிக்காத போனிக்கு இது மருந்தே இல்ல.

அண்ணே, மூக்குவாரு எவ்வளவு இறுக்குறீங்க?

லாயத்துக்காரன், சுங்கை சிப்புட்

கேவ்சன்ங்கிற சாதா மூக்குவார்தான் தம்பி, மூக்கெலும்பு மேல ரெண்டு விரல் போகணும். டபுளோட ஃபிளாஷ், டிராப் மாதிரி வாயைச் சுத்திக் கட்டுற மூக்குவார் எதுவும் சேராது.

டீச்சர், பெல்ஹாம் யோசனையை முதலாளிகிட்ட சொன்னேன். அடுத்த பிள்ளைக்குப் பாக்கலாம்னார். அப்புறம் இங்க மழைக்காலத்துல வாரெல்லாம் பூசணம் பிடிக்குது. பிளாஸ்டிக் பையில போட்டு வைக்காதீங்க. சேணச் சோப்பு போட்டுத் துடைச்சு, காத்தாட மாட்டுங்க. செயினையும் கழுவி ஈரம் போகத் துடைச்சிடுங்க, வளைய இடுக்குல எச்சில் காய்ஞ்சு கிடந்தா தாடைத் தோலை உரசிடும்.