விண்டோஸ் இல்லாமல் கேமிங்: முடியுமா, வேண்டுமா?

நிழற்பலகை:

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பிறகு எங்கு திரும்பினாலும் ஒரே அறிவுரை: பழைய கணினியைத் தூக்கிப் போடு, புதியது வாங்கு, விண்டோஸ் 11 போடு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலைப் பாருங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல். ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். 2017 ஜனவரியில் கேமிங்கின் உச்சம் என்று விற்கப்பட்ட கோர் ஐ7-7700கே அந்தப் பட்டியலில் இல்லை. பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 இல்லாததுதான் காரணமா? அந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் ஃபர்ம்வேர் வழியாகவே அதை இயக்க முடியும். சரி, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பாதுகாப்பா? மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல் ஏற்பாடு வேகம் குறையாமல் ஓடுவதற்கு எம்பிஇசி என்ற வன்பொருள் வசதி உதவுகிறது. இன்டெலில் அது 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. ஏஎம்டியில் அதற்கு இணையானது ரைசன் 2000க்குப் பிந்தைய ஜென் 2 வடிவமைப்பில்தான் வந்தது. அது இல்லாத ரைசன் 2000 வரிசை பட்டியலுக்குள் இருக்கிறது. வசதி உள்ளது வெளியே, இல்லாதது உள்ளே. இதற்குப் பெயர் பொறியியல் அல்ல.

மறுபக்கம், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதில் கேம் ஆட முடியாது என்பது இன்று பழங்கதை. ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் ப்ரோட்டானை 2018இல் வெளியிட்டது. 1993இல் தொடங்கிய வைன் திட்டம்தான் அதன் அடித்தளம். அதன்மேல் டிஎக்ஸ்விகே உட்கார்ந்து, விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்3டி 9 முதல் 11 வரையிலான அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கிறது. 12க்கு விகேடி3டி-ப்ரோட்டான் இருக்கிறது. கேமை எழுதியவர் லினக்ஸைப் பற்றி நினைத்தே பார்க்காதிருந்தாலும் கேம் ஓடுகிறது. என் கணினியின் ஆயுளைத் தீர்மானிக்க வேண்டியது அதன் மின்தேக்கிகளா, ஒரு நிறுவனத்தின் அட்டவணையா?

ஃப்ரேம்வேட்டை:

எல்லாம் சரி ஐயா. லினக்ஸில் வேலரன்ட் ஓடுமா? லீக் ஆஃப் லெஜன்ட்ஸ்? ஃபோர்ட்நைட்? பேட்டில்ஃபீல்டு 6? நானும் என் நண்பர்களும் இரவில் ஆடும் நான்கும் அங்கே ஓடாமல் உங்கள் பழங்கதைக்குள்தான் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுகிறவருக்கு லினக்ஸ் போதும். உலகம் அவரோடு முடிந்துவிடவில்லை.

இன்னொன்று. 2015இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் கணினிகள் வந்தபோதும் இதே பாட்டைத்தான் கேட்டோம். ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டவே 2025 அக்டோபர் ஆயிற்று.

தாமிரக்குழாய்:

நீங்கள் இருவரும் இயங்குதளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 7700கே என்பது நான்கு கோர், எட்டு திரெட். இன்றைய பெரிய கேம்களில் அது மூச்சுத் திணறுவதற்கு மைக்ரோசாஃப்ட் காரணமல்ல. சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டி ஏமாற்றிக்கொள்ளலாம். மிக மோசமான 1 சதவீத ஃப்ரேம்களைப் பாருங்கள், அங்கேதான் உண்மை இருக்கிறது. பிராசசர் தன் பங்கை நேரத்துக்குச் செய்து தராவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். நம் கண்ணுக்கு அது உதறலாகத் தெரியும். எந்த இயங்குதளமும் அதை மாற்றாது.

கேமிங்கில் கடந்த சில ஆண்டுகளின் உண்மையான புரட்சி, பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேச் நினைவகம். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, பிராசசரின் மேல் ஓர் அடுக்கு கேச்சை ஒட்டி எல்3 என்ற கேச்சின் அளவை 96 எம்பி ஆக்கியது. கடிகார வேகம் அதன் அண்ணன் 5800எக்ஸைவிடக் குறைவு; ஆனாலும் கேமில் முந்தியது. கேம் எஞ்சினுக்குத் தேவையான தரவு ரேமுக்குப் போய்வராமல் பக்கத்திலேயே கிடைத்தால் போதும், மெகாஹெர்ட்ஸ் பெருமையெல்லாம் இரண்டாம் பட்சம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அந்த அடுக்கைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோனார்கள். வெப்பம் வெளியேறும் வழி திறந்தது, வேகத்தையும் கூட்ட முடிந்தது. பேச வேண்டியது இதைப் பற்றி.

நிழற்பலகை:

தாமிரக்குழாய், நல்ல எடுத்துக்காட்டை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அதே வகையைச் சேர்ந்த 7950எக்ஸ்3டி பிராசசரில் இரண்டு கோர் தொகுதிகள். ஒன்றில் மட்டும் கூடுதல் கேச். கேம் எந்தத் தொகுதியில் ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்வது? விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் கேம் பார் என்ற மேலடுக்கு, "இது கேம்" என்று அடையாளம் கண்டு சொன்னால்தான் மறு தொகுதி தூங்கப்போகும். அந்த மேலடுக்கு பிடிக்கவில்லை என்று நீக்கியவர்கள் தாங்கள் வாங்கிய கேச்சின் பயனையும் சேர்த்து இழந்தார்கள். வன்பொருள் மட்டும் தனியாக நிற்பதில்லை.

இன்னும் ஒன்று. எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தபோது வலுவான விண்டோஸ் கணினிகளில்கூட உதறியது. அதே மாதம் வந்த, லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் உதறல் குறைவாக இருந்தது. கேம் ஷேடர்களையும் (காட்சியின் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) நினைவகத்தையும் கையாளும் முறையின் சில கோணல்களை ப்ரோட்டான் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே வால்வ் சரிசெய்தது; டெக்கின் வன்பொருள் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே தொகுத்து அனுப்பவும் முடிந்தது. லீஜன் கோ எஸ் என்ற கையடக்கக் கருவி 2025இல் விண்டோஸோடு வால்வின் லினக்ஸ் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸுடனும் விற்பனைக்கு வந்தபோது, ஒரே வன்பொருளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் பல கேம்களில் ஸ்டீம்ஓஎஸ்ஸில் கூடுதல் ஃப்ரேம் கண்டார்கள்.

ஸ்டீம் மெஷின் தோற்றது உண்மை. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமை லினக்ஸுக்கு எழுதித் தர வேண்டியிருந்தது, பலர் எழுதவில்லை. ப்ரோட்டான் வந்த பிறகு அவர்களிடம் கெஞ்ச வேண்டிய தேவை போய்விட்டது. 2015ஐ 2025க்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

ஃப்ரேம்வேட்டை:

என் கேள்விக்குப் பதில் வரவில்லை, கவனித்தீர்களா? நான் சொன்ன கேம்கள் லினக்ஸில் ஓடாததற்குக் காரணமான ஆன்டிசீட், அதாவது மோசடி தடுக்கும் மென்பொருள், பற்றி ஒரு வரியும் இல்லை. நானே எழுதுகிறேன்.

குறி தானாகப் பிடிக்கும் மென்பொருள், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் மென்பொருள் இவையெல்லாம் கேமின் நினைவகத்தைப் படித்தே வேலை செய்கின்றன. சாதாரண நிரலாக ஓடினால் எளிதில் பிடித்துவிடலாம் என்பதால் மோசடி செய்பவர்கள் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) வடிவில் கெர்னலுக்குள் இறங்கினார்கள். அங்கே இருப்பவனை வெளியே நிற்பவன் பிடிக்க முடியாது. அவன் காட்டுவதைத்தான் இவன் பார்ப்பான். ஆகவே ஆன்டிசீட்டும் கெர்னலுக்குள் இறங்கியது. 2020இல் வேலரன்ட்டுடன் வந்த வான்கார்டு, கணினி தொடங்கும்போதே விழித்துக்கொள்வது இதனால்தான்.

விண்டோஸில் கெர்னல் டிரைவர் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் வேண்டும். கையொப்பமில்லாததைத் தொடங்கவிடாத செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் சேர்ந்தால், தொடக்கத்திலிருந்து யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு ஓரளவு உத்தரவாதம். லினக்ஸில்? கெர்னலையே நான் என் விருப்பப்படி திருத்தித் தொகுத்துக்கொள்வேன். "நினைவகத்தை யாராவது படித்தார்களா" என்று ஆன்டிசீட் கேட்டால் "இல்லை" என்று பொய் சொல்லும் கெர்னலை எழுதுவேன். உங்களுக்குச் சுதந்திரம், எதிரணியில் நிற்கும் எனக்கு அநியாயம். ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை அடைத்தபோது சொன்ன காரணம் இதுவே. ஈஸி ஆன்டிசீட், பேட்டில்ஐ என்ற ஆன்டிசீட்கள் இரண்டும் 2021இலேயே ப்ரோட்டானுக்கு ஆதரவு அறிவித்துவிட்டன. ஆதரவு இருந்தும் கேம் நிறுவனங்கள் தயங்குகின்றன என்றால் அதற்குப் பொருள் உண்டு.

சந்தேகி:

பேச்சுக்குள் வருகிறேன். கெர்னலுக்குள் விட்ட காவலாளி யாருக்கு வேலை செய்வான் என்று ஃப்ரேம்வேட்டை யோசித்தாரா?

ஜென்ஷின் இம்பாக்ட் கேமுடன் வந்த ஆன்டிசீட் டிரைவரின் பெயர் எம்எச்ஒய்ப்ராட்2. முறையான கையொப்பம் உள்ளது. 2022இல் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து, அந்தக் கேமே நிறுவப்படாத கணினிகளில் ஏற்றி, வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொன்றுவிட்டு எல்லாவற்றையும் பூட்டியது. கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் கதவைத் திறந்துவிட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இன் டிரைவர் 2016இல் செய்த கூத்தும் இதே வகைதான்: எந்த நிரலையும் கெர்னல் அதிகாரத்தோடு ஓடவிடும் ஓட்டை.

சரி, இத்தனை ஆபத்தை ஏற்றால் மோசடி ஒழிந்ததா? பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில், பிராசசரைக் கேட்காமல் நினைவகத்தை நேராகப் படிக்கும் டிஎம்ஏ அட்டை ஒன்றைச் செருகி, கேமின் நினைவகத்தை இன்னொரு கணினியிலிருந்து படிக்கிறார்கள். கெர்னலில் அவர்களுடைய ஒரு பைட்டும் இல்லை. இப்போது அதற்காக, அட்டைகள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை இயக்கு, பயோஸைப் புதுப்பி என்று பயனரை விரட்டுகிறார்கள். அடுத்து என்ன கேட்பார்கள்?

ஃப்ரேம்வேட்டை:

டிஎம்ஏ அட்டைக்குத் தனி வன்பொருள், இரண்டாவது கணினி, கொஞ்சம் அறிவு எல்லாம் வேண்டும். பொழுதுபோகாமல் மோசடி செய்யும் நூறு பேரில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள்? தடையின் உயரத்தைக் கூட்டினால் தாண்டுகிறவர்கள் குறைவார்கள். ஒருவர் தாண்டினார் என்பதற்காகத் தடையையே எடுத்துவிடு என்பது என்ன நியாயம்?

சந்தேகி:

நான் எடுத்துவிடச் சொல்லவில்லை. சர்வர் பக்கம் கட்டுங்கள் என்கிறேன். சுவருக்குப் பின்னால் நிற்பவரின் இருப்பிடத்தை என் கணினிக்கு அனுப்பாமலே இருந்தால் அதை எவனும் படிக்க முடியாது. வேலரன்ட் இதையும் ஓரளவு செய்கிறது. அந்த வேலை கடினம், சர்வர் செலவு கூடும். கெர்னலில் இறங்கினால் சுமை என் தலையில்.

2024 ஜூலை 19ஐ மறக்க வேண்டாம். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது என்பது மைக்ரோசாஃப்ட்டே கொடுத்த மதிப்பீடு. கெர்னலுக்குள் பிழை என்றால் அதன் எடை அப்படி.

ஃப்ரேம்வேட்டை:

அதே நிறுவனத்தின் மென்பொருள் அதே ஆண்டில் சில லினக்ஸ் கணினிகளையும் கவிழ்த்தது. அந்தச் செய்தியை லினக்ஸ் அன்பர்கள் யாரும் சுமந்து திரிவதில்லை.

சர்வர் பக்கம் பற்றிச் சொன்னதில் பாதி சரி. சுவர் வழியே பார்ப்பதை அது தடுக்கும். கண்முன் தெரிகிற எதிரியின் தலையில் குறியைக் கொண்டுபோய் வைக்கும் மென்பொருளை எப்படித் தடுக்கும்? அதற்கு இன்னும் என் கணினிக்குள்தான் யாராவது பார்க்க வேண்டும்.

தாமிரக்குழாய்:

ஆன்டிசீட் சண்டை முடியாது. நான் கொஞ்சம் கம்பி, அட்டை பற்றிப் பேசுகிறேன். லினக்ஸுக்கு மாற ஆசைப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டு எந்த நிறுவனத்துடையது என்பதை. ஏஎம்டி என்றால் திறந்த மூல கிராஃபிக்ஸ் தொகுப்பான மெசாவும் அதிலுள்ள ஆர்ஏடிவி டிரைவரும் கூடவே வருகின்றன. நிறுவியவுடன் வேலை செய்யும். ஆனால் அதிலும் ஒரு முள்: எச்டிஎம்ஐ 2.1ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி தயாராக இருந்தும் எச்டிஎம்ஐ அமைப்பு அனுமதி மறுத்தது, 2024இல். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் 4கே, 120 ஹெர்ட்ஸ் கனவு காண்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு காணட்டும். டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டர் என்றால் தொல்லையில்லை.

என்விடியா என்றால் நிலைமை முன்பைவிட எவ்வளவோ மேல், ஆனால் டைரக்ட்3டி 12 கேம்களில் விண்டோஸில் கிடைக்கும் வேகம் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

 

புதுக்கணக்கு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 6ஆம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 10 ஓடுகிறது. நான் பழைய கதை விளையாட்டுகள்தான் ஆடுவேன். தம்பி வேலரன்ட் ஆடுவான். என்ன செய்யலாம்?

நிழற்பலகை:

உங்கள் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. குறுக்கு வழியில் நிறுவலாம், ஆனால் பெரிய புதுப்பிப்பு ஒவ்வொன்றும் வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருக்கும். தனி எஸ்எஸ்டி ஒன்றில் பஸைட் போன்ற, கேமிங்குக்கான லினக்ஸ் வகையை நிறுவுங்கள். முதலில், எந்தக் கேம் ப்ரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதியும் ப்ரோட்டான்டிபி தளத்தில் உங்கள் கேம்களின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

தாமிரக்குழாய்:

பாதி தகவல் இது. 1060 என்விடியாவின் பாஸ்கல் தலைமுறைக் கார்டு. அதற்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவரே கடைசி; அதற்குப் பிந்தைய லினக்ஸ் டிரைவர்கள் அந்தக் கார்டை ஏற்பதில்லை. பஸைட்டில் பழைய கார்டுகளுக்கான பதிப்பைத் தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும். டைரக்ட்3டி 11 கேம்கள் ஓடும். 12 என்றால் பாஸ்கல் ப்ரோட்டானில் நொண்டும். பழைய கேம்கள் என்கிறீர்கள், பிழைத்தீர்கள்.

ஃப்ரேம்வேட்டை:

தம்பியை ஏன் மறந்துவிட்டீர்கள்? வேலரன்ட் ஆட விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் கட்டாயம். விண்டோஸ் 10இல் அப்படிக் கட்டாயமில்லை. அதாவது இந்தக் கணினியில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றினால் அண்ணனுக்குப் புதிய இயங்குதளம் கிடைக்கும், தம்பிக்குக் கேம் போகலாம். கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு உண்டு. இருப்பதை அப்படியே விடுங்கள்.

சந்தேகி:

விண்டோஸை வேலரன்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, கடவுச்சொல், குடும்பப் படங்கள் எல்லாம் லினக்ஸ் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், அதையும் மறையாக்கம் செய்து வையுங்கள்.

புதுக்கணக்கு:

இரண்டு எஸ்எஸ்டி இருந்தால், கணினியைத் தொடங்கும்போது எதில் போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

நிழற்பலகை:

தொடங்கும்போது மதர்போர்டின் பூட் மெனு விசையை அழுத்துங்கள். எஃப்8, எஃப்11, எஃப்12 இவற்றில் ஒன்றாக இருக்கும். லினக்ஸ் நிறுவும்போது விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இரண்டின் பூட் கோப்புகளும் ஒரே எஸ்எஸ்டியில் கலக்காமல் இருக்கும்.