வேற்றுலகக் கதைகளில் கால் இடறும் இடங்கள்: புதுவை, கடலூர் வாசகர் பகிர்வு

முத்தியால்பேட்டை வாசகர்:
மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்கள் முதலில் எண்களைப் பாருங்கள். மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி. பில்லியன் வரும் இடத்தில் வெறும் கோடி என்று போட்டால் எல்லாம் நூறு மடங்கு சுருங்கிவிடும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி வருஷம். அது 13.8 கோடி ஆனால் டைனோசர்கள் பிரபஞ்சத்துக்கே மூத்தவை ஆகிவிடும்! அடுத்த தொல்லை ஒளியாண்டு. 'பல ஒளியாண்டுகளாகக் காத்திருந்தார்கள்' என்று எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். அது தூரம், ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கி.மீ. காலம் அல்ல.

கடலூர் முதுநகர் வாசகர்:
தூரம் சரியாக இருந்தாலும் வேகம் பொய் சொல்லும். நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கி.மீ. போகிறது. புதுவையிலிருந்து கடலூர் வர அதற்கு ஒன்றரை விநாடி போதும். அந்த வேகத்தில் பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரிக்கு, அதாவது 4.24 ஒளியாண்டுக்கு, 75,000 வருஷம் பிடிக்கும். கதையில் கப்பல் மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தால் ஆசிரியர் என்ன எஞ்சின் வைத்திருக்கிறார் என்று தேடுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது மாயாஜாலக் கதை. அப்படி நினைத்துப் படித்தால் ரசிக்கலாம், தப்பில்லை.

லாஸ்பேட்டை வாசகர்:
'சிக்னலைப் படமாக மாற்றினார்கள்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கையால் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 1974 நவம்பர் 16-ல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம் 13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பிய செய்தியில் 1,679 துணுக்குகள் (பிட்). ஒவ்வொன்றும் 0 அல்லது 1. 1,679-ஐ 23 × 73 என்று மட்டும்தான் பிரிக்க முடியும், இரண்டும் பகா எண்கள். பெறுகிறவன் கணக்குத் தெரிந்தவனாக இருந்தால் கட்டத்தின் அளவை அவனே கண்டுபிடித்துவிடுவான்.

கிராஃப் ஷீட்டில் ஒரு துணுக்குக்கு 2 மி.மீ. சதுரம் வையுங்கள். அகலம் 46 மி.மீ., உயரம் 146 மி.மீ., ஒரே தாளில் அடங்கும். இடமிருந்து வலம், 23 ஆனதும் அடுத்த வரி. 1 வந்தால் கறுப்பு, 0 வந்தால் வெற்று. மேலே 1 முதல் 10 வரை எண்கள், அதன் கீழே 1, 6, 7, 8, 15. ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணு எண்கள். நடுவுக்குக் கீழே மனித உருவம் வரும்.

கெடுவது இரண்டு இடத்தில். வரிக்கு 73 என்று வைத்தால் புள்ளிக் குப்பைதான். ஒரு துணுக்கு விட்டுப்போனால் அதற்கப்புறம் எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்து, மனிதனின் உடம்பு ஒரு ஓரத்திலும் மிச்சம் மறு ஓரத்திலும் நிற்கும். அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்ணி ஓரத்தில் ஒரு டிக் போடுங்கள். இணையத்தில் காணும் சிவப்பு, நீலம் எல்லாம் பின்னால் சேர்த்தது. செய்தியில் நிறம் கிடையாது.

மஞ்சக்குப்பம் வாசகர்:
இதோடு 'வாவ்' சிக்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் பிக் இயர் வானொலித் தொலைநோக்கி வானத்திலிருந்து பிடித்த பலமான சிக்னல் அது. அப்போது தாளில் அச்சான '6EQUJ5' (6, ஈ, க்யூ, யூ, ஜே, 5) என்பதைச் சங்கேதச் செய்தி என்று நினைத்து எழுதிய கதைகள் நிறைய. அது சிக்னலின் பலம் மட்டும்தான். 9 வரை இலக்கம், 10-க்கு ஏ, 11-க்கு பி என்று போகும். யூ என்றால் பின்னணி இரைச்சலைப் போல 30 மடங்கு. ஓர் எழுத்துக்கு 12 விநாடி, ஆறு எழுத்துக்கு 72. ஏன் 72-லேயே நின்றது? தொலைநோக்கி அசையாது, பூமிதான் சுழல்கிறது. வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க அவ்வளவு நேரம்தான் ஆகும். ஏறி உச்சம் தொட்டு இறங்கும் அந்த வடிவம்தான் முக்கியம். மேசைமேல் இருக்கும் ஏதோ கருவியின் கோளாறு என்றால் அப்படி இறங்காது.

வைசியாள் வீதி வாசகர்:
எனக்குப் பிடிக்காதது, கதைகளில் வானம் எப்போதும் தெளிவாகவே இருப்பது. நம்ம ஊரையே பாருங்கள். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க பிரான்ஸிலிருந்து கிளம்பிய வானியலாளர் லெ ஜெந்தீல், 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததால் வெள்ளி கடந்த அன்றைக்குக் கப்பலிலேயே இருந்தார். ஆடும் தளத்தில் என்ன அளப்பது? எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்து 1769 ஜூனில் இங்கே தொலைநோக்கியை வைத்தார். மேகம் மூடிவிட்டது. அடுத்தது 1874-ல்தான். இந்த மாதிரி ஒரு அத்தியாயம் இல்லாத விண்வெளி நாவல் எனக்குப் பாதி நாவல்தான்.

நெல்லிக்குப்பம் வாசகர்:
வேற்றுலகவாசிகளுக்காக வாயேஜரில் வைத்த தங்க முலாம் இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. 'தமிழ் கேட்டு வந்த வேற்றுலகவாசி' என்று எழுத நினைப்பவர்கள் அதை வாயேஜர் தலையில் கட்ட வேண்டாம்.

முத்தியால்பேட்டை வாசகர்:
தட்டைப் போடும் காட்சியிலும் கவனம் தேவை, தோழர். அது நிமிஷத்துக்கு 16⅔ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 3.6 விநாடி. உறைமேல் அந்த நேரத்தை ஹைட்ரஜன் அணுவின் கால அளவில் பொறித்திருக்கிறார்கள். பாத்திரம் அதை வீட்டு பிளேயரில் 33⅓-ல் வைத்தால், அதில் உள்ள கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாட்டு இரட்டை வேகத்தில் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சிடும்.