ஸ்கைலைன் டிரைவ்: பெருமைப்பட என்ன இருக்கிறது?

குறிஞ்சிவாணன்: வேலை கொடுக்க வழியில்லை என்று அரசுகள் கைவிரிக்கும்போதெல்லாம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் உள்ள ஸ்கைலைன் டிரைவைத்தான் எடுத்துக்காட்டுவேன். புளூ ரிட்ஜ் மலை முகட்டிலேயே 105 மைல் ஓடும் சாலை அது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையின்றித் திரிந்த இளைஞர்களை அதிபர் ரூஸ்வெல்ட்டின் சி.சி.சி. என்ற இயற்கைப் பாதுகாப்புப் பணிப்படை திரட்டி அதைப் போட்டது. மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 நேரே வீட்டுக்குப் போய்விடும்.

பழைய ஏடு: மாலை போடுமுன் தேதியைப் பாருங்கள், ஐயா. சாலை வேலை 1931-இல், ரூஸ்வெல்ட்டுக்கு முந்தைய அதிபர் ஹூவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. சி.சி.சி. பிறந்ததே 1933-இல்! முதலில் வேலைக்கு வந்தவர்கள் 1930 வறட்சியில் விளைச்சல் போன உள்ளூர் விவசாயிகள். சாலைச் சுரங்கத்துக்காக மேரிஸ் ராக் பாறையை 600 அடிக்கு மேல் குடைந்தது ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள்.

குறிஞ்சிவாணன்: சாலை அவர்களுடையதாகவே இருக்கட்டும். அங்கே போகிறவர் கண்ணில் படுவது எது? ஓரத்துக் கல்சுவர், சரிவைச் சீர்செய்து நட்ட மரம் செடி, நோயில் பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை அறுத்து வைத்த தடுப்புக் கட்டைகள். எல்லாம் அந்தப் பையன்களின் கைவேலை.

முகட்டுவீடு: அதே பையன்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டதும் வீடுகளை இடித்தார்கள். பூங்காவுக்காக ஏறக்குறைய 500 குடும்பங்கள் போயின. நிலம் சொந்தமாக இருந்தவருக்கு ஏதோ பணம் கிடைத்தது. பிறர் நிலத்தில் உழுது குடியிருந்தவருக்கு இழப்பீடு என்று ஒன்றுமில்லை.

பழைய ஏடு: நிலத்தைக் கையகப்படுத்தும் சட்டத்தை வர்ஜீனியா 1928-இலேயே போட்டுவிட்டது. மந்தமே அப்போது வரவில்லை. வேலைத் திட்டத்தின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் பூங்காவில் உள்ள லூயிஸ் மவுண்டனைச் சொல்லுங்கள்: 1939-இல் அங்கே கறுப்பினப் பயணிகளுக்கென்று தனி முகாம் திறந்தார்களே, அது அப்பட்டமான அநீதி.

குறிஞ்சிவாணன்: அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வீடுகளைக் காப்பாற்ற அந்த இளைஞர்களைப் பட்டினி போட்டிருக்க வேண்டுமா?

முகட்டுவீடு: யார் பட்டினி போடச் சொன்னது? சாலைக்கு வேண்டியது முகட்டில் ஒரு பட்டை நிலம். கீழே பள்ளத்தாக்கில் இருந்தவர்களை ஏன் எழுப்ப வேண்டும்? அங்கேயே இருக்கலாம் என்றுதான் முதலில் பலர் நம்பியிருந்தார்கள். 1934-இல் எல்லோரும் போயாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு வயதான சிலரை மட்டும் சாகும்வரை இருக்க விட்டார்கள். அவர்கள் இருந்ததால் பூங்கா கெட்டா போயிற்று?