மரத்தடியில் ஆங்கிலம் பேசிப் பழகுகிறோம், குழு உடைந்துவிடும் போலிருக்கிறது

கருப்பூர் மாணவி:

வணக்கம். பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வகுப்பு முடிந்ததும் முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று 7 பேர் சேர்ந்து முடிவெடுத்தோம். முதல் வாரம் நன்றாகப் போனது. இப்போது 3 பேர்தான் வருகிறோம்.

காரணமும் தெரிகிறது. 'சமூக ஊடகம் நல்லதா, கெட்டதா' என்று ஒரு தலைப்பு எடுப்போம். ஆங்கில வழியில் படித்த நண்பர் ஒருவர் பத்து நிமிடம் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவோம். நான் வாய் திறந்தால் பாதி வாக்கியத்திலேயே திருத்துவார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. அடுத்த செமஸ்டரில் துறையில் எல்லோர் முன்னாலும் செமினார் எடுக்க வேண்டும். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லை. தாரமங்கலம் போக வேண்டும் என்பதால் இருட்டும் வரை இருக்கவும் முடியாது. இப்படிக் கூடிப் பேசியே தேறியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஓமலூர் வாசகர்:

காதுக்கும் ஏதாவது கொடுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 6 நிமிட ஒலி நிகழ்ச்சி இலவசமாகவே கிடைக்கிறது, எழுத்து வடிவமும் கூடவே உண்டு. பஸ்ஸில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால் மரத்தடியில் பேச ஏதாவது இருக்கும்.

அம்மாபேட்டை அக்கா:

தங்கச்சி, எங்கள் கதையும் இதேதான். சேலத்தில் பி.காம். படித்தபோது சனிக்கிழமை தோறும் அண்ணா பூங்காவில் 5 பேர் கூடுவோம். இரண்டே மாதத்தில் அலுத்துவிட்டது. எங்களைக் காப்பாற்றியது ஜவ்வரிசி.

ஆத்தூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தி, பேசவே மாட்டாள். ஒருநாள் தலைப்பு எதுவும் கிடைக்காமல், "உங்க வீட்டில் என்ன வேலை, அதையே சொல்லு" என்றோம். அவள் அப்பாவுக்கு ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் வேலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்து அரைப்பார்கள், பாலைத் தொட்டியில் விடுவார்கள், மாவு அடியில் தங்கும், மேல் தண்ணீரை வடித்துவிடுவார்கள். தமிழில் என்றால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். ஆங்கிலத்தில் கிழங்கைத் தாண்டினாள், பாலைத் தாண்டினாள், 'அடியில் தங்கும்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். உள்ளங்கையை விரித்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டி, "தி மில்க் இஸ் ஸ்லீப்பிங்" என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அந்தச் சொல் தெரியாதே! அகராதியைப் புரட்டினால், 'செட்டில்'. 'பையன் செட்டில் ஆயிட்டான்' என்று கல்யாண வீடுகளில் சொல்கிறோமே, அதே செட்டில். மாவு தண்ணீருக்கடியில் போய் உட்காருவதற்கும் அதுதான் சொல். இன்றைக்கும் ஜவ்வரிசிப் பாயசத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கை இறங்குவதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் கேள்விகள் தானாக வந்தன. மாவு எப்படி உருண்டையாகிறது? ஏன் வறுக்கிறார்கள்? மழை வந்தால் களத்தில் காய்வதை என்ன செய்வார்கள்? அவளுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, அதனால் கேட்டோம். சமூக ஊடகத்தைப் பற்றி உங்களில் யாருக்கும் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. அதனால்தான் தலையாட்டல். அடுத்த வாரம் நான் எங்கள் வீட்டுத் தறியைச் சொன்னேன், செவ்வாய்பேட்டைத் தோழி கொலுசுப் பட்டறையைச் சொன்னாள்.

திருத்துவதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். பேசுகிறவர் முடிக்கும் வரை யாரும் குறுக்கிடக் கூடாது. ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்வார். முடிந்த பிறகு இரண்டே இரண்டு பிழை சொல்லலாம், அதுவும் பொருளையே மாற்றுகிற பிழையாக இருந்தால். நடுவில் திருத்தினால் சொல்ல வந்த விஷயம் போய்விடும், இலக்கண பயம் மட்டும் மிஞ்சும். உங்கள் ஆங்கில வழி நண்பரை விட்டுவிடாதீர்கள். அவர் கையில் அந்த நோட்டைக் கொடுங்கள்.

கடைசி வருஷம் ஏற்காடு போனபோது ஒன்று செய்தோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. ஒருவர் ஒரு கதையை ஆரம்பிப்பார், பஸ் வளைந்ததும் அடுத்தவர் தொடர வேண்டும். மனதுக்குள் தமிழில் கோத்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்க நேரமே கிடைக்காது. ஏரிக்கரையில் இறங்கும் வரை யாரும் தமிழுக்கு மாறவில்லை.

ஐந்து ரோட்டுக்காரர்:

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு, 'ம்' பக்கத்தில் வரும் 'ப' வேறு. இரண்டு ஒலியும் நம் வாயில் இருக்கிறது, இடத்தைப் பார்த்து நாக்கும் உதடும் தானாக மாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் நமக்கு ஒரே எழுத்து போதும். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்' என்றுதான் எழுதுவோம், சொல்லும்போது பிரித்துச் சொல்ல வேண்டும். பஸ் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பன்றி என்னும்போது காற்று பட்டு டிக்கெட் ஆட வேண்டும், பெரியது என்னும்போது ஆடக் கூடாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து செய்தால் ஒரே நாளில் பிடிபடும்.

கருப்பூர் மாணவி:

அக்கா, இன்றைக்கே செய்து பார்த்தோம். வராமல் நின்றவர்களில் 2 பேரைக் கூப்பிட்டேன், வந்தார்கள். அப்பா தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பதைச் சொன்னேன். பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். 'பிணைத்தல்' என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. துப்பட்டா ஓரத்தில் இரண்டு நூலை உருவி முறுக்கிக் காட்டினேன். எங்கள் நண்பர் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர், எழுதுவதை விட்டுவிட்டு, "ஒரு இழை விட்டுப்போனால் என்ன ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். துணி நெடுக ஒரு கோடு விழும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். 9 நிமிடம் பேசியிருக்கிறேன், மொபைலில் நேரம் இருக்கிறது.

பிழை இரண்டுதான் சொன்னார். ஒன்று, அப்பாவைச் சொல்லும்போது 'ஷீ' என்று சொல்லிவிட்டேனாம்.

திங்கள்கிழமை அவர் முறை. அவர் வீட்டில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறார்களாம், இத்தனை நாள் கூடவே படித்தும் இன்றைக்குத்தான் தெரியும். கேட்பதற்கு 4 கேள்வி எழுதி வைத்துவிட்டேன்.